வானம் பார்த்தவர்கள் – 17: கஜானா குமாஸ்தாவின் ஆறு அங்குலம்

ஆரணியிலிருந்து போளூர் போய், ஜமுனாமரத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் நம் ஊருக்கும் அந்த வானாய்வகத்துக்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான். நம் கமண்டல நாக நதி பிறக்கிற மலையும் அதுவே. காவலூருக்குப் போய்வந்தவர்கள் 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியையும் அதன் பெரிய வெள்ளைக் கவிகையையும் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அதே வளாகத்தில் இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது. ஆறே அங்குலம். வருகிற பார்வையாளர்களுக்கு வானம் காட்டுவதற்குப் பயன்பட்டு வந்தது. கண்ணை வைத்துச் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கடந்துவந்த வழி தெரியும்? நியூயார்க்கில் புறப்பட்டு, இன்றைய வங்கதேசத்தில் ஒரு கிராமத்து வீட்டில் பல ஆண்டு தங்கி, நைனிடால் போய், பிறகு நம் மலைக்கு வந்த கருவி அது.

சென்ற பகுதியில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பார்த்தோம். 1867-இல் ஆர் ரெடிக்குலி என்ற மாறும் விண்மீனைக் கண்டவர். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வானம் பார்த்தவர். இந்தப் பகுதியில் வருபவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வேறு ஏதோ வேலை. ராத்திரியில் மாறும் விண்மீன்.

மாறும் விண்மீன் என்பது வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீன். சில மணி நேரத்தில் மாறுவன உண்டு, பல மாதம் எடுத்துக்கொள்வன உண்டு, ஒழுங்கே இல்லாமல் திடீரென்று பொங்குவனவும் உண்டு. திமிங்கில மண்டலத்து மீரா சுமார் 332 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. உச்சத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். அடங்கினால் தொலைநோக்கி இல்லாமல் அகப்படாது. 1596-இல் இதைக் கவனித்தவர் டேவிட் ஃபப்ரீசியஸ், ஒரு பாதிரியார்.

ஒரு விண்மீன் இப்படி 300 நாள், 400 நாள் எடுத்துக்கொண்டு மாறினால் அதை யார் தொடர்ந்து பார்ப்பது? பெரிய வானாய்வகங்களுக்கு நேரம் கிடையாது. அங்கே ஒவ்வொரு ராத்திரியும் வரிசையில் காத்திருக்கும் வேலைகள் வேறு. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் இதை நன்றாக உணர்ந்திருந்தார். அவருடைய தூண்டுதலில் கனெக்டிகட் மாநிலத்து வழக்கறிஞர் வில்லியம் டைலர் ஆல்காட் 1911-இல் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்தைத் தொடங்கினார். வழக்கறிஞர், விவசாயி, ஆசிரியர், கணக்கர் என்று பலதரப்பட்டவர்கள். ஆளுக்கொரு விண்மீன் வரைபடம், ஒரு சிறு தொலைநோக்கி, மாதாமாதம் ஒரு அஞ்சல். சங்கத்துக்கென்று மலை உச்சியில் வானாய்வகம் எதுவும் இல்லை. உறுப்பினர் வீட்டுக் கூரைகளும் கொல்லைகளும்தான் அதன் வானாய்வகம்.

வேலை முறை எளிது, ஆனால் கண் பழக வேண்டும். மாறும் விண்மீனுக்குப் பக்கத்திலேயே மாறாத விண்மீன்கள் சிலவற்றின் ஒளித்தரம் வரைபடத்தில் எண்ணாக எழுதியிருக்கும். நோக்குநர் அவற்றில் சற்றே பிரகாசமான ஒன்றையும் சற்றே மங்கிய ஒன்றையும் பிடித்துக்கொண்டு, நம் ஆள் இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார். சாயப்பட்டறையில் கை தேர்ந்தவர் இரண்டு மாதிரி நூல்களுக்கு நடுவில் புது நூலைப் பிடித்துப் பார்த்து, இது இதைவிடக் கொஞ்சம் கம்மி என்று சொல்வாரே, அப்படி. 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் என்றால் 7.5. பக்கத்தில் தேதியும் நேரமும். தேதிகூட நாட்காட்டித் தேதி அல்ல. கணக்கிட வசதியாக ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் உதறிவிட்டு நாட்களை ஒரே தொடராக எண்ணும் ஜூலியன் நாள் எண். 1920 ஜனவரி 1 கிரீனிச் நண்பகலில் தொடங்கும் நாளின் எண் 2422325. அவ்வளவுதான், ஒரு நோக்கு முடிந்தது.

இந்த ஒளித்தர அளவைக்கு நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு சொந்தம் உண்டு. ஐந்து தரம் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக நூறு மடங்கு வித்தியாசம் என்று 1856-இல் இதற்குக் கணித ஒழுங்கு கொடுத்தவர் நார்மன் பாக்சன். 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891-இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர். ரகுநாதாச்சாரிக்கு மேலதிகாரி. இன்று உலகில் எந்த மூலையில் எந்த நோக்குநர் 7.5 என்று எழுதினாலும் அது பாக்சனின் அளவை.

இனி ஆறு அங்குலத்தின் சொந்தக்காரர். ராதா கோவிந்த சந்திரா. 1878-இல், இன்றைய வங்கதேசத்தின் ஜெசோரை ஒட்டிய பாக்சர் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளியில் அட்சய குமார் தத்தாவின் பாடநூலில் பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்ததிலிருந்து வானப் பித்து பிடித்தது என்பார்கள். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். இதை ரசித்துச் சொல்லாத சந்திரா கட்டுரையே இல்லை; தோற்ற பையன் பெரிய ஆளானான் என்ற கதையில் நமக்கு அப்படி ஒரு மோகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருக்குக் கிடைத்த வேலை. ஜெசோர் அரசுக் கஜானாவில் நாணயம் சரிபார்ப்பது. மாதம் 15 ரூபாய். நல்ல காசையும் கள்ளக் காசையும் நாள் முழுக்கக் கண்ணாலும் காதாலும் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இரவில் விண்மீன்களின் தரம் பார்த்தார். நுணுக்கமான வித்தியாசத்தைப் பார்த்து அதை எண்ணாக எழுதுவது அவருக்குப் பழகிப்போன காரியம்.

விண்மீன்களை அடையாளம் காண அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் காளிநாத் முகர்ஜி என்ற ஜெசோர் வழக்கறிஞர். வான வரைபட நூல் தயாரித்துக்கொண்டிருந்தவர். 1910-இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது சந்திராவிடம் இருந்தது ஒரு சிறு இருகண்ணோக்கி. அதில் பார்த்ததை வைத்து அவர் எழுதிய கட்டுரையைக் கண்டு, சாந்திநிகேதனில் அறிவியல் கற்பித்த ஜகதானந்த ராய் ஒரு தொலைநோக்கி வாங்கச் சொன்னார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி வந்தது. விலை 13 பவுண்டு. எல்லாச் செலவும் சேர்த்து 160 ரூபாய்க்குக் குறையவில்லை. வேலையில் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தில் பத்து மாதத்துக்கும் மேல்.

அதே 1910-இல் கல்கத்தாவில் இந்திய வானியல் சங்கம் என்று ஒன்றும் தொடங்கியது. ஹாலி கிளப்பிவிட்ட ஆர்வம்தான் அங்கும். அரசு நிதித் துறையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் அதில் உற்சாகமாகப் பங்கெடுத்தார்: சி.வி. ராமன். பெரிய ஊர், பெரிய மனிதர்கள், கூட்டங்கள், சஞ்சிகை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடங்கிப்போனது. ஜெசோரில் தனியாக உட்கார்ந்திருந்தவர் அடங்கவில்லை.

1918 ஜூன் தொடக்கம். கழுகு மண்டலத்தில், நம் திருவோணம் இருக்கும் அதே மண்டலத்தில், இல்லாத இடத்தில் ஒரு விண்மீன். மளமளவென்று ஏறி, அகத்தியரைப் போலப் பிரகாசித்தது. 1604-க்குப் பிறகு வானத்தில் அவ்வளவு பிரகாசமான புது விண்மீன் தோன்றியதில்லை. கண்ணுள்ளவர் யாருக்கும் தெரியக்கூடியதுதான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே என்னென்ன இருந்தன என்று மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத்தான் அது புதிது என்று தெரியும். போலந்திலும் இங்கிலாந்திலும் வேறு பல இடங்களிலும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் பலர் தனித்தனியே கண்டார்கள். சந்திராவும் கண்டார். உலகில் முதலில் கண்டவர் அவரே என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. நடந்ததில் உருப்படியான காரியம் அவர் போட்ட கடிதம். ஹார்வர்டில் பிக்கரிங்குக்கு எழுதினார். பிக்கரிங் நூல்களை அனுப்பிவைத்தார். சங்கத்தில் சேர அழைப்பு வந்தது. 1919 முதல் சந்திராவின் பதிவுகள் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கின.

அவர்களுக்கு இவர் ஏன் தேவைப்பட்டார்? ஹார்வர்டு இருக்கும் பாஸ்டன் பக்கத்துக்கும் ஜெசோருக்கும் 10 மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். அங்கே பகல் ஏறி விண்மீன்கள் மறைந்திருக்கும்போது இங்கே வானம் திறந்திருக்கிறது. சில மணி நேரத்தில் குணம் மாறும் விண்மீனை ஒரே கண்டத்திலிருந்து பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இன்னொன்று, அகலாங்கு. நீர்ப்பாம்பு மண்டலத்து ஆர் ஹைட்ரே என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் அது உச்சத்துக்கு வரும்போதே தொடுவானத்துக்கு மேல் 24 பாகைதான். ஜெசோரில் 44. ஆரணி மாடியிலிருந்து பார்த்தால் 54. தெற்கு வானத்தைப் புகையும் மூட்டமும் தாண்டிப் பார்ப்பதற்கு வங்காளம் அவர்களுக்கு நல்ல இடம்.

3 அங்குலம் போதவில்லை. மாறும் விண்மீன்கள் தம் குறைந்த நிலைக்கு இறங்கும்போது அது கைவிட்டுவிடும். சங்கம் 1926-இல் 6 அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலில் அனுப்பிவைத்தது. அது சார்லஸ் எல்மர் என்பவருடையது. நியூயார்க்கில் நீதிமன்ற நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்துத் தரும் தொழில் செய்தவர். சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர். பிற்பாடு 1937-இல் ரிச்சர்டு பெர்க்கினோடு சேர்ந்து பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடியைத் தேய்த்துக் கொடுத்து, அதன் வளைவில் பிழை விட்டு, 1990-இல் உலகமே பேசும்படி ஆனது அதே நிறுவனம்தான். எல்மரின் சொந்த ஆறு அங்குலத்தில் அப்படி எந்தக் கோளாறும் இல்லை.

கஜானா முடிந்து வீடு, சாப்பாடு, பிறகு தொலைநோக்கி. ஆண்டு முழுதும் அல்ல. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வங்காள வானம் மேகம். மீதி மாதங்களில் பதிவு. 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய நோக்குகள் 37,215. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். 1928-இல் பிரெஞ்சு அரசு அவருக்குக் கல்விப் பட்டம் ஒன்றை அளித்தது. நம் நாட்டில் அப்போது அவரைத் தெரிந்தவர்கள் ஜெசோரைத் தாண்டி அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த எண்கள் எதற்குப் பயன்பட்டன? தனியாக எடுத்தால் ஒரு 7.5 ஒன்றுமேயில்லை. சங்கத்தின் பதிவாளர் லியோன் கேம்ப்பெல் 1920 முதல் 1950 வரையிலான பதிவுகளைத் திரட்டி, நூற்றுக்கணக்கான நீள்கால மாறும் விண்மீன்களின் சராசரி ஒளி வரைவுகளை உருவாக்கினார். 1955-இல் வெளிவந்த அந்த நூல் பல பத்தாண்டுகளுக்கு வானியலாளர்களின் கையேடு. அது உள்ளடக்கும் முப்பது ஆண்டுகளும் சந்திரா இரவு இரவாக விழித்த ஆண்டுகள்.

மேலே சொன்ன ஆர் ஹைட்ரேயையே மறுபடி பாருங்கள். 1700 வாக்கில் அது ஒரு சுற்று மாற ஏறத்தாழ 500 நாள் எடுத்துக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் 390-க்கும் கீழே இறங்கிவிட்டது. வயதான சிவப்புப் பெருவிண்மீனின் உள்ளே ஹீலியம் எரியும் அடுக்கில் நிகழும் கொந்தளிப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். விண்மீனின் வாழ்க்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும் சமாசாரம். அதில் ஒரு மாற்றம் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடப்பது அபூர்வம். அது தெரியவந்தது பழைய பதிவுகள் இருந்ததால் மட்டுமே. இன்றைக்கு எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும் 1925-ஆம் ஆண்டு ராத்திரியைத் திரும்பப் பார்க்க முடியாது.

இவர்களில் இன்னொருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓஹயோ மாநிலத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன் லெஸ்லி பெல்டியர். ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் முதல் தொலைநோக்கி வாங்கியவர். சந்திராவுக்கு ஓராண்டு முன்னால், 1918-இல் சங்கத்துக்கு எழுதத் தொடங்கினார். வாழ்நாளில் 1,32,000 நோக்குகள். வட மகுட மண்டலத்தில் டி என்று பெயரிட்ட ஒரு விண்மீன், 1866-இல் வெடித்துப் பிரகாசித்து அடங்கியது. மறுபடி எப்போது என்று 1920 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் காவல் காத்தார். 1946 பிப்ரவரியில் ஒரு விடிகாலை எழுந்தார், ஜலதோஷம் பிடிக்கும்போல இருந்தது, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அது வெடித்தது. ஆனாலும் அந்த இருபத்தைந்து ஆண்டுக் காவல் வீணில்லை. வெடிப்புக்கு முன்னால் அந்த விண்மீன் எப்படி நடந்துகொள்ளும் என்று இன்றைய வானியலாளர்கள் ஆராய்வது அவரைப் போன்றவர்களின் பழைய எண்களை வைத்துத்தான்.

விண்வெளி யுகம் வந்தபின் இந்தக் கூரை நோக்குநர்கள் தேவையில்லாமல் போவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. அன்ன மண்டலத்து எஸ்எஸ் சிக்னி சுமார் 50 நாளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாமல், 12-ஆம் தரத்திலிருந்து 8-ஆம் தரத்துக்குப் பொங்கும். 1896-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் அதைப் பொங்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஆனால் எப்போது பொங்கும் என்று செயற்கைக்கோளுக்கு யார் சொல்வது? 1970-களில் சங்கத்தின் இயக்குநர் ஜேனட் மாட்டெயிடம் நாசாவின் விஞ்ஞானிகள் கேட்டார்கள். உலகெங்கும் உறுப்பினர்கள் விழித்திருந்தார்கள். பொங்கியது என்ற தகவல் போனதும் செயற்கைக்கோளின் முகம் திருப்பப்பட்டது. ஹபிள் தொலைநோக்கி சில விண்மீன்களைப் பார்ப்பதற்கு முன், அவை பொங்கிக் கருவியின் உணரிகளைக் கெடுத்துவிடாத நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொன்னவர்களும் இவர்களே.

சந்திராவிடம் திரும்புவோம். நாடு பிரிந்தது. ஜெசோர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் எல்லை தாண்டிக் கல்கத்தாவை அடுத்த பாராசாத்துக்கு வந்தார், தொலைநோக்கியோடு. 1954-க்குப் பிறகு கண்ணும் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. இரவல் கருவி, பயன்படுத்தக்கூடியவர் கையில் சேர வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம். அது சேர்ந்த கை வைணு பாப்புவுடையது. அப்போது உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தின் தலைவராக நைனிடாலில் இருந்தார்.

பாப்புவிடம் கொடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. அவர் 1927-இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர். அந்த வானாய்வகமே ஒரு வானப் பித்தரின் வீட்டில் பிறந்தது. நவாப் ஜஃபர் ஜங் என்ற பிரபு 1901-இல் தன் சொந்தச் செலவில் 15 அங்குலத் தொலைநோக்கி வாங்கி அமைத்தார். 1907-இல் அவர் மறைந்தபின் அரசு எடுத்துக்கொண்டது. அங்கே வளர்ந்த பாப்பு பட்ட வகுப்பு மாணவராக இருந்தபோதே மாறும் விண்மீன்களைப் பார்த்துக் கட்டுரைகள் வெளியிட்டார். ஹார்வர்டுக்குப் படிக்கப் போய், 1949-இல் வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என்று அதற்குப் பெயர். சந்திராவின் நோக்குகள் எந்த ஊருக்கு அஞ்சலில் போயினவோ அந்த ஊரில் படித்தவர் அவர். கஜானா குமாஸ்தா செய்த வேலை என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1960-இல் பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். தெற்கு வானமும் தெரிய வேண்டும், வடக்கும் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சம் கூடாது. தேடித் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1960-களின் கடைசியில் கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட சில வாரங்களிலேயே வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவுசெய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற தடயத்தைக் கொடுத்தார்கள். 1977 மார்ச் 10-இல் யுரேனஸின் வளையங்கள் உலகத்துக்குத் தெரியவந்த இரவில் காவலூரும் பார்த்துக்கொண்டிருந்தது. 1988-இல் இங்கே கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

ஆறு அங்குலமும் அந்த மலைக்கு வந்து சேர்ந்தது. கண்டுபிடிப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதன் உழைப்பெல்லாம் சந்திராவின் கையிலேயே முடிந்துவிட்டது. 1975-இல் 96 வயதில் பாராசாத்தில் சந்திரா மறைந்தார்.

அவருடைய 37,215 எண்களும் சங்கத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன, கோடிக்கணக்கான மற்ற நோக்குகளோடு. சேர விரும்புகிறவருக்கு இன்றும் நிபந்தனை பெரிதாக எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஆரணி மாடிகளில் மாலையில் மீரா உயரத்தில் நிற்கும். உச்சத்தில் இருக்கும் ஆண்டாக இருந்தால் வெறும் கண் போதும், இல்லாவிட்டால் ஒரு சிறு தொலைநோக்கி. கேட்கிற விவரங்களும் மாறவில்லை: விண்மீனின் பெயர், ஜூலியன் நாள் எண், ஒளித்தரம், எந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டீர்கள் என்பது.

அடுத்த பகுதியில் கொடைக்கானல் பட்டறையில் அந்த 38 சென்டிமீட்டர் ஆடியைத் தேய்த்த கதை.

(தொடரும்)